குறைப் பின்னங்களைத் தசமமாக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

7/8-ஐத் தசமமாக்கச் சொன்னால் மளமளவென்று வகுத்து 0.875 என்று எழுதும் பிள்ளை, அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டு −7/8 என்று கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடும். கணக்குச் சொல்லித்தரும் எனக்கு இது பழகிப்போன காட்சி. "மைனஸ் 7-ஐ எப்படி 8-ஆல வகுக்கறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வகுத்தல் என்றாலே பங்கு போடுவது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இல்லாத ஒன்றை எப்படிப் பங்கு போடுவது?

ஒரு குறை எண்ணில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. எவ்வளவு என்பது ஒன்று, எந்தப் பக்கம் என்பது இன்னொன்று. −7/8-இல் 7/8 என்பது அளவு. மைனஸ், அது எண் கோட்டில் பூச்சியத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது என்று சொல்கிறது. வகுக்கும்போது அளவை மட்டும் பாருங்கள். பக்கத்தை ஓரமாக எடுத்து வைத்து, வகுத்து முடித்த பிறகு திரும்பச் சேருங்கள். முக்கால்வாசி வேலை இதிலேயே முடிந்துவிடும். கலப்பு பின்னம், முழுமையாக்கல், கால்குலேட்டர் என்று மீதி இருக்கும் கால்வாசியில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். அவற்றுக்குக் கீழே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

மைனஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மைனஸ் குறி மூன்று இடங்களில் வரலாம். பின்னத்துக்கு வெளியே: −3/4. தொகுதியில், அதாவது மேலே: (−3)/4. பகுதியில், அதாவது கீழே: 3/(−4). மூன்றும் ஒரே எண்தான், −0.75. நம்பிக்கை வராவிட்டால் பெருக்கிப் பாருங்கள். 4-ஐ −0.75-ஆல் பெருக்கினால் −3 வருகிறது, எனவே (−3)/4 சரி. −4-ஐ −0.75-ஆல் பெருக்கினால் 3 வருகிறது, எனவே 3/(−4)-உம் சரி.

மேலேயும் கீழேயும் மைனஸ் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். (−3)/(−4) என்பது வெறும் 0.75. இந்த விதி புதிதல்ல. கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர் மிகை எண்களைச் சொத்தாகவும் குறை எண்களைக் கடனாகவும் வைத்து எழுதியிருக்கிறார். கடனைச் சொத்தால் வகுத்தால் கடன், சொத்தைக் கடனால் வகுத்தாலும் கடன், கடனைக் கடனால் வகுத்தால் சொத்து.

நடைமுறையில் மைனஸ்களை எண்ணினால் போதும். ஒற்றைப்படையாக இருந்தால் விடை குறை எண், இரட்டைப்படையாக இருந்தால் மிகை எண். −((−3)/(−4)) மாதிரி மூன்று மைனஸ் வந்தால்? மூன்று ஒற்றைப்படை, எனவே −0.75. எண்ணி முடித்ததும் விடை எழுதும் இடத்தில் முதல் வேலையாக மைனஸைப் போட்டுவிட்டு, அப்புறம் வகுக்கத் தொடங்குங்கள். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், நீண்ட வகுத்தல் முடிகிற களைப்பில் அது மறந்தே போகும். சரியாக வகுத்துவிட்டு மைனஸை விட்டதால் மதிப்பெண் போன விடைத்தாள்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சுருக்கிவிட்டுத் தொடங்குங்கள்

−21/28-ஐ அப்படியே வகுத்தாலும் விடை வரும். ஆனால் மேலேயும் கீழேயும் 7-ஆல் வகுத்தால் அது −3/4 ஆகிவிடும், பேனாவுக்கு வேலையே இல்லை. சுருக்குவதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. தசமம் முடியுமா முடியாதா என்பதைப் பகுதியைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஆனால் சுருக்கிய பின்னத்தில் மட்டும்தான் அது செல்லும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் வழி: பகுதியை 10, 100, 1000 ஆக்குவது

தசமம் என்பதே 10, 100, 1000 ஆகியவற்றைப் பகுதியாகக் கொண்ட பின்னம்தான், எழுதும் முறை மட்டும் வேறு. எனவே பகுதியை இவற்றில் ஒன்றாக மாற்ற முடிந்தால் வகுக்கவே வேண்டாம்.

−9/20-ஐ எடுத்துக்கொள்வோம். 20-ஐ 5-ஆல் பெருக்கினால் 100. மேலேயும் 5-ஆல் பெருக்க −45/100. விடை −0.45.

−3/250-இல் 250-ஐ 4-ஆல் பெருக்கினால் 1000. மேலே 12 வருகிறது. −12/1000 என்பது −0.012. இங்கே புள்ளிக்குப் பின் உள்ள பூச்சியத்தைக் கவனியுங்கள். 1000-இல் மூன்று பூச்சியம் இருப்பதால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வேண்டும். 12-இல் இரண்டுதான் இருக்கிறது, அதனால் முன்னால் ஒரு பூச்சியம். −0.12 என்று எழுதினால் விடை பத்து மடங்கு பெரிதாகிவிடும்.

சில பின்னங்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்வது நல்லது. அரை 0.5, கால் 0.25, முக்கால் 0.75, அரைக்கால் 0.125. அரைக்கால் என்ற சொல்லிலேயே கணக்கு இருக்கிறது, காலில் பாதி, அதாவது 1/8. எட்டில் வரும் பின்னங்களை எல்லாம் இதைக் கொண்டு மனத்திலேயே போட்டுவிடலாம். −5/8 என்றால் ஐந்து அரைக்கால். நான்கு அரைக்கால் சேர்ந்து அரை, மிச்சம் ஓர் அரைக்கால். 0.5 + 0.125 = 0.625, எனவே −0.625.

இரண்டாம் வழி: நீள்வகுத்தல்

எந்தப் பின்னத்துக்கும் பொருந்தும் வழி இது. −7/8-ஐ ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். மைனஸை விடை எழுதும் இடத்தில் போட்டாயிற்று. இனி 7 ÷ 8.

7-இல் 8 போகாது. எனவே 0, அடுத்து புள்ளி.
7-க்குப் பின் ஒரு பூச்சியம் சேர்த்து 70. அதில் 8 எட்டு முறை போகும் (64). மீதி 6.
60-இல் 8 ஏழு முறை போகும் (56). மீதி 4.
40-இல் 8 ஐந்து முறை போகும் (40). மீதி 0.

மீதி பூச்சியம் ஆகிவிட்டது, வகுத்தல் முடிந்தது. ஈவு 0.875, மைனஸோடு சேர்த்து −0.875.

இதில் தவறு நுழையும் இடம் ஒன்றே ஒன்று, பூச்சியம் சேர்த்த பிறகும் வகுத்தி போகாத படி. −3/40-ஐப் பாருங்கள். 3-இல் 40 போகாது, 0, புள்ளி. 30-இலும் 40 போகாது. இந்த இடத்தில் ஈவில் ஒரு பூச்சியம் எழுதியே ஆக வேண்டும். பிறகுதான் 300. அதில் 40 ஏழு முறை போகும், மீதி 20. 200-இல் ஐந்து முறை, மீதி 0. விடை −0.075. அந்த நடுப் பூச்சியத்தை விட்டுவிட்டால் −0.75 என்று வரும், அது −3/4-இன் விடை. ஒரு பூச்சியம் சேர்த்தால் ஈவில் ஓர் இலக்கம் என்று கை பழகிவிட்டால் இந்தத் தவறு வராது.

முடியுமா, சுழலுமா?

சில தசமங்கள் இரண்டு மூன்று இலக்கத்தில் முடிந்துவிடுகின்றன, சில முடிவதே இல்லை. இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

10-இன் பகா காரணிகள் 2-உம் 5-உம் மட்டுமே. 100, 1000 எல்லாமே இந்த இரண்டின் பெருக்கம்தான். எனவே சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகா காரணி இல்லை என்றால், அதைத் தேவையான எண்ணால் பெருக்கி 10-இன் அடுக்காக்கிவிடலாம், தசமம் முடியும். 3, 7, 11 என்று வேறு எது கலந்திருந்தாலும் எதைக் கொண்டு பெருக்கினாலும் 10-இன் அடுக்கு வராது, தசமம் முடியாது.

−9/12-ஐப் பார்த்து, பகுதியில் 3 இருக்கிறது, அதனால் முடியாது என்று சொன்னால் தவறு. சுருக்கினால் அது −3/4. முதலிலேயே சுருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எத்தனை இலக்கத்தில் முடியும் என்றும் முன்கூட்டியே சொல்லலாம். பகுதியில் 2 எத்தனை முறை, 5 எத்தனை முறை என்று எண்ணி, எது அதிகமோ அதுவே இலக்க எண்ணிக்கை. 40 = 2 × 2 × 2 × 5. இதில் 2 மூன்று முறை, 5 ஒருமுறை. எனவே −7/40-க்கு மூன்று இலக்கம், −0.175.

இனி முடியாத ஒன்று, −4/7. மைனஸை எழுதிவிட்டு மீதிகளை மட்டும் கவனித்துக்கொண்டே வகுப்போம்.

40-இல் 7: ஈவு 5, மீதி 5
50-இல் 7: ஈவு 7, மீதி 1
10-இல் 7: ஈவு 1, மீதி 3
30-இல் 7: ஈவு 4, மீதி 2
20-இல் 7: ஈவு 2, மீதி 6
60-இல் 7: ஈவு 8, மீதி 4

மீதி 4 வந்துவிட்டது. நாம் தொடங்கியதே 4-இல்தான். அடுத்த படி மறுபடியும் 40-இல் 7, பழைய வரிசையே திரும்ப வரும். எனவே −4/7 = −0.571428571428… 571428 என்ற ஆறு இலக்கமும் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். எழுதும்போது அந்த ஆறு இலக்கத்தின் தலைக்கு மேல் ஒரு கோடு போடுவார்கள். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் மேல் மட்டும் புள்ளி வைக்கும் வழக்கமும் உண்டு.

சுழல வேண்டியது ஏன் கட்டாயம்? 7-ஆல் வகுக்கும்போது பூச்சியம் அல்லாத மீதிகள் 1 முதல் 6 வரை ஆறுதான். ஏழாவது படிக்குள் பழைய மீதி ஒன்று திரும்ப வந்தே தீரும். வந்துவிட்டால் வட்டம் பூர்த்தி. எந்தப் பகுதியாக இருந்தாலும் இதே நியாயம்தான். அதனால், பழைய மீதி கண்ணில் பட்டதும் வகுப்பதை நிறுத்திவிடலாம். மீதிகளை ஓரத்தில் எழுதிக்கொண்டே போகச் சொல்வது இதற்காகத்தான்.

சுழற்சி புள்ளிக்குப் பின் உடனே தொடங்க வேண்டும் என்றில்லை. −5/6 = −0.8333… இதில் 8 ஒருமுறைதான் வரும், சுழல்வது 3 மட்டும். கோடு 3-இன் மேல் மட்டும் போட வேண்டும். 83-இன் மேல் போட்டால் அது −0.838383… என்ற வேறொரு எண் ஆகிவிடும்.

கலப்பு பின்னத்தில் மைனஸ் யாருக்குச் சொந்தம்?

ஒரு நோட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். கேள்வி −2⅜. மாணவி முதல் வரியில் 3/8 = 0.375 என்று சரியாகவே போட்டிருந்தார். அடுத்த வரியில் −2 + 0.375 என்று எழுதி, அதற்கும் அடுத்த வரியில் −1.625. கூட்டலில் பிழையே இல்லை. பிழை அந்தக் கூட்டல் குறியில் இருந்தது.

−2⅜ என்பது "மைனஸ் 2, கூட்டல் 3/8" அல்ல. முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த 2⅜ முழுவதற்கும் சேர்த்துத்தான் அந்த மைனஸ். அடைப்புக்குறி போட்டு எழுதினால் −(2 + 3/8). உள்ளே 2.375, எனவே விடை −2.375. எண் கோட்டில் நடந்து பார்த்தாலும் தெரியும். பூச்சியத்திலிருந்து இடப்பக்கமாக இரண்டு அலகு நடந்து, அதே திசையில் இன்னும் 3/8 போக வேண்டும். மாணவி இரண்டு அலகு இடப்பக்கம் போய்விட்டு, 3/8 வலப்பக்கம் திரும்பி வந்துவிட்டார். நோட்டில் ஒரு கோடு வரைந்து இதைக் காட்டியதும் தானாகவே ரப்பரை எடுத்தார்.

சந்தேகம் வந்தால் தகா பின்னமாக, அதாவது தொகுதி பகுதியைவிடப் பெரிதான பின்னமாக, மாற்றிவிடுங்கள். மைனஸை ஒதுக்கி, 2 × 8 + 3 = 19. எனவே −19/8. 19 ÷ 8 = 2.375. இங்கேயும் −2 × 8 + 3 = −13 என்று போட்டால் பழைய குழியிலேயே விழுவோம். அதனால்தான் மைனஸை முதலிலேயே ஒதுக்கச் சொல்கிறேன்.

லாக் அட்டவணையோடு பழகியவர்களுக்கு இதில் ஒரு தனிக் குழப்பம் வரும். 0.05-இன் மடக்கை, அதாவது லாக், −1.3010. அட்டவணை முறையில் அதை 2-இன் தலையில் ஒரு கோடு போட்டு 2.6990 என்று எழுதுவார்கள். அங்கே கோடு 2-க்கு மட்டும்தான், புள்ளிக்குப் பின் உள்ளது மிகை எண். −2 + 0.6990 = −1.3010. அந்தக் கோட்டை இடப்பக்கம் போடாமல் தலைக்கு மேல் போட்டதே இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான். இடப்பக்கம் மைனஸ் போட்டு −2.6990 என்று எழுதினால் அது முற்றிலும் வேறு எண்.

முழுமையாக்கும்போது

−2/3 = −0.6666… இதை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் −0.67. அளவை மட்டும் பாருங்கள். மூன்றாம் இலக்கம் 6, ஐந்துக்கு மேல், எனவே முந்தைய இலக்கம் ஒன்று கூடும். "மேலே ஏற்றுவது" என்று நாம் சொல்வது அளவைத்தான். மதிப்பில் −0.67 என்பது −2/3-ஐவிடச் சிறியது. இந்த வித்தியாசத்தால் சிலர் −0.66 என்று எழுதிவிடுகிறார்கள். −0.67-க்கும் −2/3-க்கும் உள்ள தூரம் 0.00333…, −0.66-க்கும் −2/3-க்கும் உள்ள தூரம் 0.00666… எது அருகில் இருக்கிறது என்பது தெளிவு.

சரியாக நடுவில் நிற்கும் எண்களில்தான் கருவிக்குக் கருவி விடை மாறும். −1/8 = −0.125-ஐ இரண்டு இடத்துக்கு முழுமையாக்கினால் எக்செலின் ரவுண்ட் (ROUND) −0.13 கொடுக்கும், பைத்தான் என்ற நிரல்மொழியின் ரவுண்ட் −0.12 கொடுக்கும். பைத்தான் சரிபாதியில் இருப்பதை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழி 2.5-ஐ 3 ஆக்கும், ஆனால் −2.5-ஐ −2 ஆக்கும், எப்போதும் வலப்பக்கமாகவே தள்ளும். பாடப் பயிற்சிகளுக்குப் பள்ளியில் சொல்லித்தரும் முறையை, அதாவது அளவை ஏற்றும் −0.13-ஐ வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுபவர்கள் தங்கள் மொழி என்ன செய்கிறது என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

தசமப் பகுதியை வெட்டி எறிவது வேறு விஷயம். எக்செலில் −2.375-க்கு இன்ட் (INT) போட்டால் −3 வரும், ட்ரங்க் (TRUNC) போட்டால் −2 வரும். இன்ட் எப்போதும் இடப்பக்கமுள்ள முழு எண்ணுக்குப் போகும். மிகை எண்களில் இரண்டும் ஒரே விடை தருவதால் பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதே இல்லை.

எது பெரியது?

தசமமாக மாற்றுவதன் பெரிய பயனே ஒப்பிடுவதுதான். −5/8, −3/5, −7/11 மூன்றில் எது சிறியது? பின்னமாகப் பார்த்தால் சொல்வது கடினம். தசமத்தில் −0.625, −0.6, −0.6363… அளவில் பெரியது 0.6363…, குறை எண்ணாகும்போது அதுவே மிகவும் இடப்பக்கம் போய் நிற்கும். எனவே ஏறு வரிசை: −7/11, −5/8, −3/5. இலக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, −0.600, −0.625, −0.636 என்று எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கால்குலேட்டரும் கணினியும்

அறிவியல் கால்குலேட்டர் பலவற்றில் மைனஸுக்கு இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று கழித்தலுக்கு, அடைப்புக்குறிக்குள் கோடு போட்ட இன்னொன்று எண்ணின் குறிக்கு. எண்ணின் தொடக்கத்தில் இரண்டாவதை அழுத்துங்கள். கலப்பு பின்னத்தை −2 + 3 ÷ 8 என்று தட்டினால் கருவி மனசாட்சியோடு −1.625 காட்டும். அது நீங்கள் கேட்ட கணக்குக்குச் சரியான விடைதான். −(2 + 3 ÷ 8) என்று அடைப்புக்குறியோடு தட்ட வேண்டும்.

எக்செலில் சமக்குறியை முதலில் போட்டுவிட்டு −3/4 என்று எழுதுங்கள். சமக்குறி இல்லாமல் 3/4 என்று எழுதினால் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். பழைய பைத்தான் 2-இல் −7/8 என்று கேட்டால் −1 வரும், முழு எண்களை வகுத்தால் முழு எண்தான் என்பது அதன் வழக்கம். பைத்தான் 3-இல் −0.875 சரியாக வரும்.

சரிபார்ப்பது

முடிவுறு தசமம் என்றால் பகுதியால் திரும்பப் பெருக்குங்கள். −0.875 × 8 = −7. தொகுதி மைனஸோடு திரும்ப வந்துவிட்டது, விடை சரி.

சுழல் தசமத்தைப் பெருக்கிப் பார்க்க முடியாது, வேறு வழி இருக்கிறது. −5/11-க்கு −0.454545… என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தசமத்தை அ என்போம். சுழல்வது இரண்டு இலக்கம், எனவே 100-ஆல் பெருக்கினால் 100அ = −45.4545… இதிலிருந்து அ-வைக் கழித்தால் புள்ளிக்குப் பின் உள்ள வால் முழுவதும் அறுந்துபோய் 99அ = −45. அ = −45/99, சுருக்கினால் −5/11.

கைப்பழக்கத்துக்கு ஐந்து கணக்குகள் தருகிறேன்: −11/16, 13/(−25), −3⅙, −1/13, (−9)/(−40). விடைகளைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். வரிசைப்படி −0.6875, −0.52, −3.1666…, −0.076923076923…, கடைசி 0.225. நான்காவதில் புள்ளிக்குப் பின் வரும் பூச்சியமும் சுழலும் ஆறு இலக்கத்தில் ஒன்று. கோட்டை அதன் தலைக்கு மேலிருந்தே தொடங்குங்கள்.